தம்பியைப் பார்த்துக்கொள்ள மாதம் எவ்வளவு ஆகும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம். தம்பியைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றிக்கொண்டிருந்த அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவனுக்கு 26 வயது, 52 கிலோ. அம்மாவுக்கு 63. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை இருபத்தாறு வருடம் தனி ஆளாகத் தூக்கி இறக்கியவரிடம், “இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்காதீங்கம்மா” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். குரோம்பேட்டை வீட்டில் அப்பாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. நான் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன், வேலைக்குப் போகிறவள். அந்த வாரம்தான் ஒரு நோட்டை எடுத்து, வெளி உதவிக்கு என்ன செலவாகும் என்று எழுத ஆரம்பித்தேன்.

விசாரித்துப் பார்த்ததில் எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கும் அட்டெண்டர்; அக்கம்பக்கத்திலேயே ஒருவரை நாமே வேலைக்கு வைப்பது; பகல்நேரப் பராமரிப்பு மையம்; கடைசியாக, சொல்லவே நாக்கு கூசுகிற அந்த ‘ஹோம்’. இனி வரும் தொகைகள் சென்னைத் தென்புறநகரில் எங்களிடம் சொன்ன விலைகள். ஒப்பிட வசதியாக எல்லாவற்றையும் இந்த வருட விலைக்கு மாற்றியிருக்கிறேன். உங்கள் ஊரில் ஐந்நூறு, ஆயிரம் கூடும், குறையும். கணக்குப் போடுகிற விதம் மாறாது.

முதல் சிக்கல், எல்லாரும் ஒரே அளவில் விலை சொல்வதில்லை. ஏஜென்சி மாதத்துக்குச் சொல்லும், பிசியோதெரபிஸ்ட் ஒரு செஷனுக்குச் சொல்வார், மையத்தில் கட்டணம் தனி வேன் தனி, ஹோமில் முதலில் டெபாசிட் பற்றித்தான் பேச்சு. மாதத் தொகையை மட்டும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் நான் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: அம்மா தம்பியை விட்டுவிட்டு, காது அவன் பக்கம் இல்லாமல், வேறு வேலைக்குப் போக முடிகிற ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம்?

ஏஜென்சியில் 24 மணி நேர ஆளுக்கு மாதம் ரூ. 26,000 கேட்டார்கள். பதிவுக் கட்டணம் ஒரு தடவைக்கு ரூ. 5,000. சாப்பாடு நம் பொறுப்பு. மூன்று வேளையும் காபி டீயும் சேர்த்தால் ரூ. 4,500க்குக் குறையாது. ஆக மாதம் ரூ. 30,500. 12 மணி நேர ஷிப்ட் என்றால் ரூ. 18,000 முதல் ரூ. 22,000 வரை சொன்னார்கள். ட்யூப் மூலம் உணவு, கதீட்டர் என்று இருந்தால் அட்டெண்டர் போதாது, நர்ஸ் வேண்டும். அது வேறு விலை. தம்பிக்கு அது தேவைப்படவில்லை.

24 மணி நேரம் என்றவுடன் நாங்கள் ஏமாந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த மனிதராலும் 24 மணி நேரம் வேலை செய்ய முடியாது, செய்யச் சொல்லவும் கூடாது. தூக்கம், குளியல், சாப்பாடு, மதியம் கொஞ்சம் போன் எல்லாம் போக, நிஜமாகக் கிடைத்தது நாளுக்கு 12 மணி நேரம். மாதத்தில் இரண்டு நாள் விடுப்பு. 28 நாளுக்கு 336 மணி. 30,500ஐ அதால் வகுத்தால் மணிக்கு 91 ரூபாய்.

அதைவிடப் பெரிய செலவு ரசீதில் வராதது. தம்பிக்குப் பேச்சு கிடையாது. ஆனால் எல்லாம் புரியும். மேலே பார்த்தால் ‘ஆமாம்’, கண்ணை மூடித் திறந்தால் ‘வேண்டாம்’. சாதத்தைக் குழைத்து, கரண்டியை நேராக வாய்க்குள் விடாமல் கன்னத்தின் இடது ஓரமாக வைத்து, தாடையை லேசாகப் பிடித்து, அவன் விழுங்கும் சத்தம் கேட்ட பிறகு அடுத்த வாய். ஒரு வேளை சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம். அவசரப்பட்டால் புரையேறும். புரையேறினால் நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரி. இதெல்லாம் ஒரு ஆளுக்குப் பழக ஒரு வாரம், சரியாக வர மூன்று வாரம் ஆகும். அந்த ஏஜென்சி ஏழு மாதத்தில் நான்கு பேரை அனுப்பியது. ஒருவர் பழகி முடிக்கும்போது “அவருக்கு வேற டியூட்டி போட்டாச்சு மேடம்” என்று போன் வரும். மூன்றாவதாக வந்த பையன், தம்பி மேலே பார்ப்பதை வலிப்பு என்று நினைத்து அலறியடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். பாவம், அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான்கு முறையும் பாடம் எடுத்தது அம்மாதான். அந்த வாரங்களில் அம்மாவுக்கு மிச்சமான நேரம் பூஜ்யம். நாங்கள் கொடுத்தது முழுப் பணம்.

எங்களுக்கு அமைந்த ஏஜென்சி அப்படி என்பதால் எல்லாமே அப்படி என்று சொல்லமாட்டேன். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆள் வேண்டும் என்றாலோ, நாளைக் காலையே ஒருவர் வந்தாக வேண்டும் என்றாலோ ஏஜென்சியை விட்டால் வழியில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயத்தை மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: ஆளை மாற்றினால் பழைய ஆள் புதியவரோடு இரண்டு நாளாவது சேர்ந்து இருக்க வேண்டும், ஆள் வராத நாளுக்குப் பணம் கழிக்கப்பட வேண்டும். எங்களுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது வழி, நேரடியாக ஆள் வைப்பது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு பாயாக இருந்த அண்ணன் ஒருவர் கிடைத்தார். காலை ஏழு முதல் ஒரு மணி வரை, வாரத்தில் ஆறு நாள், மாதம் ரூ. 12,000. ஆண் உதவியாளர் கிடைப்பது குதிரைக் கொம்பு, அதனால் பேரம் பேசவில்லை. மாதம் 26 நாள், நாளுக்கு ஆறு மணி என்றால் 156 மணி. மணிக்கு 77 ரூபாய்.

முதலில் நோட்டில் 77 என்று எழுதி வட்டம் போட்டுவிட்டேன். வருட முடிவில் திரும்பிப் பார்த்தால் கணக்கு வேறாக இருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். அவர் ஊர்த் திருவிழாவுக்கு ஒன்பது நாள் போனார். சம்பளம் பிடிக்கவில்லை, அந்த ஒன்பது நாளும் தினக் கூலிக்கு ஏஜென்சி ஆள், நாளுக்கு ரூ. 1,200 வீதம் ரூ. 10,800. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ரூ. 1,66,800. மணிக்கு 89 ரூபாய். ஏஜென்சியின் 91க்கும் இதற்கும் விலையில் வித்தியாசமே இல்லை!

அப்புறம் ஏன் இவர்? மாதக் கடைசியில் கையை விட்டுப் போவது ரூ. 13,900 மட்டும், ரூ. 30,500 இல்லை என்பது ஒரு காரணம். எங்களுக்குத் தேவையான கஷ்டமான நேரம் காலையில்தான்: பல் துலக்குவது, மலம் கழிக்க வைப்பது, குளியல், கை கால் நீட்டும் பயிற்சி, காலைச் சாப்பாடு. தூக்கி இறக்கும் வேலை முக்கால்வாசி அந்த ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பானேன்? இன்னொரு காரணம், ஒரே ஆள். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஒரே கை, ஒரே குரல். அவர் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கே தம்பி சிரிப்பான்.

இதில் ஆபத்தும் உண்டு. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் காலை ஆறரைக்குத்தான் தெரியும். மாற்று ஆள் நம் கவலை. அதனால் சம்பளத்துக்கு மேல் மாதம் ஆயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைப்பது நல்லது. போலீஸ் சரிபார்ப்பு, ஆதார் நகல் இதெல்லாம் தெரிந்தவர்தானே என்று விட்டுவிடாதீர்கள். நாங்கள் வாங்கி வைத்தோம், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது, பகல்நேர மையம். காலை ஒன்பதரை முதல் மூன்றரை வரை. கட்டணம் ரூ. 6,000, வேனுக்கு ரூ. 4,000. மாதம் 22 நாள், 132 மணி. மே மாதம் மூடிவிடுவார்கள், ஆனால் கட்டணம் பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால் மணிக்கு 83. இது தனியார் மையத்தின் கணக்கு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) நடத்தும் ‘விகாஸ்’ திட்டத்தில் நடக்கும் மையங்களும் அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களும் உண்டு. அங்கே செலவு இதைவிட வெகு குறைவு, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் பட்டியல் கொடுப்பார்கள்.

பிள்ளை நடக்கிறவனாக இருந்தால், அல்லது அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ இருந்து நாலு பேரோடு இருக்கப் பிடிக்கும் என்றால், யோசிக்கவே வேண்டாம், இதுதான் முதல் தேர்வு. வீட்டில் எவ்வளவு நல்ல ஆளை வைத்தாலும் சிநேகிதர்களை வைக்க முடியாது. தம்பி 21 வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனவன். அந்த வருடங்களில் அவன் முகத்தில் இருந்த களை அப்புறம் வரவே இல்லை. எங்களுக்கு ஒத்துவராததற்குக் காரணம் வேன். சாய்தளம் கிடையாது. 52 கிலோவை இரண்டு பேர் தூக்கி சீட்டில் வைக்க வேண்டும், ஓட்டுநரோடு ஒரு ஆயா மட்டும்தான் வருவார். மையத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வகுப்பறையைப் பார்ப்பதற்கு முன் வேனைப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது ஹோம். மாதம் ரூ. 25,000, டெபாசிட் ஒரு லட்சத்திலிருந்து. டயப்பர், மருந்து, ஆஸ்பத்திரிச் செலவு நம்முடையது. 30 நாள், 720 மணி. மணிக்கு 35 ரூபாய். நோட்டில் இருக்கிற நான்கிலும் இதுதான் மலிவு. என் அளவுகோல் உடைந்த இடமும் இதுதான்.

இரண்டு ஹோம்களைப் போய்ப் பார்த்தேன். முதலாவதில் போனது மதியச் சாப்பாட்டு நேரம். ஒரு பணியாளர், மூன்று பேரை வரிசையாக உட்கார வைத்து, ஒரே தட்டு, ஒரே கரண்டி, இவருக்கு ஒரு வாய், அவருக்கு ஒரு வாய் என்று கால் மணி நேரத்தில் முடித்தார். நாற்பது நிமிடம் தேவைப்படுகிறவனுக்கு அங்கே ஐந்து நிமிடம் கிடைக்கும். இரண்டாவது இடத்தில் வார்டன் அம்மா பணத்தைப் பற்றி எடுத்தவுடன் பேசவில்லை. “உங்க தம்பி ஆமாம்னு எப்படிச் சொல்வாரு?” என்று கேட்டார். கட்டணம் முதல் இடத்தைவிட மூவாயிரம் கூட. அந்த மூவாயிரம் எதற்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஹோம் என்றால் கைவிடுவது என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கும் இருந்தது, இப்போதும் முழுக்கப் போகவில்லை. ஆனால் அப்பா அம்மா இருவரும் போன பிறகு, அவசரத்தில், பார்க்காத இடத்தில் கொண்டுபோய் விடுவது அதைவிட மோசம். சில ஹோம்கள் பத்து நாள், பதினைந்து நாள் என்று குறுகிய காலத்துக்கும் எடுத்துக்கொள்கின்றன, நாளுக்கு ரூ. 1,000 அளவில். தேசிய அறக்கட்டளையின் ‘சமர்த்’ திட்டம் இந்தத் தற்காலிகத் தங்கலுக்கு, ‘கரௌந்தா’ வாழ்நாள் முழுக்கத் தங்குவதற்கு. அரசு மானியத்தில் இலவசமாக நடக்கும் இல்லங்களும் இருக்கின்றன, ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். எந்த இல்லமானாலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்; காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் கூடவே வருகிற செலவுகள் சில உண்டு. டயப்பர் ஒன்று ரூ. 40, நாளுக்கு மூன்று, மாதம் ரூ. 3,600. மருந்து எங்களுக்கு ரூ. 1,500 சொச்சம். பிசியோதெரபியில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் பணத்தை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். வீட்டுக்கு வந்து செய்தால் செஷனுக்கு ரூ. 600. கிளினிக்கில் ரூ. 400, மலிவு என்று போனால் ஆட்டோவுக்குப் போக வர ரூ. 300 ஆகிவிடும். வாரம் மூன்று தடவை வீட்டுக்கு வரச் சொன்னால் மாதம் ரூ. 7,200. தம்பி வயதில் தேவைப்படுவது மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் நீட்டி மடக்குவதுதான். அதனால் மாதத்துக்கு இரண்டு தடவை மட்டும் நல்ல தெரபிஸ்ட் ஒருவரை ரூ. 800 கொடுத்து வரவழைத்து, அண்ணனுக்குச் சொல்லித்தரச் செய்கிறோம். ரூ. 1,600. தினமும் அவர் செய்துவிடுகிறார். சிறு குழந்தைகளுக்கு இந்த யோசனை பொருந்தாது. முதல் ஆறேழு வருடத்தில் தெரபியைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். அதற்குக் காசு இல்லை என்றால் முட்டுக்காட்டில் இருக்கிற மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம், தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தில் திறக்கப்படும் ‘விழுதுகள்’ மையங்கள், தென்காசிப் பக்கம் என்றால் 1981 முதல் ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கம் என்று வழிகள் உண்டு.

வீல்சேரைக் கடையில் வாங்குமுன் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கென்றே பக்கத்தாங்கல் வைத்த சிறப்பு நாற்காலியை அரசு இலவசமாகத் தருகிறது. நாங்கள் அவசரப்பட்டு வாங்கிய சாதாரண நாற்காலியில் இப்போது பழைய செய்தித்தாள்கள் உட்கார்ந்திருக்கின்றன.

திரும்பி வருகிற பணத்துக்கு வருவோம். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ. 2,000. டயப்பர் கணக்கில் அது பதினாறு நாளுக்கு வரும். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வருகிற பணம் வரட்டும். தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்காமல், வருடத்துக்குச் சில நூறு ரூபாய்க் கட்டணத்தில். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் என்றில்லாமல் வெளிநோயாளிச் செலவுக்கும் தெரபிக்கும் ஒரு பகுதி கிடைக்கும். ரசீதுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வருமான வரியில் 80டிடி என்று பலரும் அறிந்த கழிவு ஒன்று இருக்கிறது. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருந்தால் ரூ. 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ரூ. 1,25,000. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கணக்குக் கேட்பதில்லை, தொகை நிலையானது. பெற்றோர்தான் கோர வேண்டும் என்றில்லை. நம்மைச் சார்ந்திருக்கும் தம்பிக்காக அக்காவும் கோரலாம். தம்பியின் அடையாள அட்டையில் 90 சதவீதம். 20 சதவீத வரிப் படியில், செஸ்ஸும் சேர்த்து, எனக்கு வருடத்துக்கு ரூ. 26,000 மிச்சம். ஆனால் இது பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் மொத்த வரியே குறைவாக வந்தால் இந்தக் கழிவுக்காகப் பழையதில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். ரயிலில் அவனுக்கும் கூட வருகிறவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதச் சலுகை உண்டு என்பது, வருடத்துக்கு ஒரு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போகிற எங்களுக்கு உதவுகிறது.

காகித வேலையில் இரண்டைத் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைக்கு 18 வயது ஆனவுடன் பெற்றோர் என்பதாலேயே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட முடியாது. மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாடுகளுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிலேயே விண்ணப்பிக்கலாம். இதற்காக வக்கீலுக்குப் பல ஆயிரம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அப்பாவோ அம்மாவோ அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர் என்றால், சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அவர்களுக்குப் பின் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஓய்வூதிய ஆவணத்தில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் குறைவு. அப்பா இதைப் பத்து வருடம் “பார்த்துக்கலாம்” என்று ஓட்டினார். போன மாதம்தான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது எங்கள் மாதக் கணக்கு: அண்ணனுக்கு சராசரியாக ரூ. 13,900, பிசியோ ரூ. 1,600, டயப்பரும் மருந்தும் ரூ. 5,100. மொத்தம் ரூ. 20,600. உதவித்தொகையும் வரி மிச்சமும் சேர்ந்து ரூ. 4,100க்குக் கொஞ்சம் மேல் திரும்பி வருகிறது. பாக்கி பதினாறாயிரத்து ஐந்நூறுக்குள். அம்மா காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறார். போன வெள்ளி, சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி மாங்காடு போய்விட்டு வந்திருக்கிறார்.

மதியத்துக்கு மேல் இன்னும் ஆள் இல்லை. அந்த நேரத்தை அப்பா சமாளிக்கிறார், எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அதனால் தை மாதம் பத்து நாள், அந்த வார்டன் அம்மாவின் ஹோமில் தம்பியை விட்டுப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் அண்ணனும் கூடப் போய்த் தங்குகிறார், அதற்கு அவருக்குத் தனியாக ரூ. 2,000. தம்பியிடமும் கேட்டாயிற்று. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான், அப்புறம் மேலே பார்த்தான்.